செட்டுக்கு எத்தனை அர்த்தம்?

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு பொருள் ஒத்த சொல்லோடும் எதிர்ச்சொல்லோடும்தான் தொடங்குகிறது. ஒரு சொல், நான்கு விடை, ஒரு மதிப்பெண். அதற்காகப் பிள்ளைகள் ஒரு நோட்டு போடுகிறார்கள். இடப்பக்கம் வாயில் நுழையாத ஆங்கிலச் சொல், நடுவில் ஒரு கோடு, வலப்பக்கம் தமிழில் ஒரே ஒரு சொல். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கோட்டின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே கோபம். பெரிய சொற்களைப் பிள்ளைகள் எப்படியோ உருப்போட்டு விடுகிறார்கள். 'செட்', 'ரன்', 'புட்', 'கெட்' என்று ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள பொடிச் சொற்கள் வரும்போதுதான் தடுக்கி விழுகிறார்கள்.

1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் ஆக நீளமான பதிவு 'செட்' என்ற வினைச்சொல்லுக்குத்தான். ஏறத்தாழ 60,000 சொற்கள். அதாவது ஒரு நாவல் அளவுக்கு விளக்கம். தனி வினைக்கு மட்டும் 430 பொருள், தொடர்களையும் சேர்த்தால் 580. பிற்பாடு அந்தப் பட்டம் 645 பொருளோடு 'ரன்'னுக்குப் போனது. அந்த ஒரு சொல்லைத் தொகுக்க பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. நம் கடைகளில் விற்கும் கையடக்க அகராதியில் 'செட் – வை, அமை' என்று ஒரு வரி. விலைக்கு அவ்வளவுதான் தர முடியும். அதைக் குறை சொல்லவில்லை. அதுதான் முழு அர்த்தம் என்று வகுப்பில் நாமும் சொல்லிக்கொடுக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

ஒருமுறை கரும்பலகையில் 'தி சிமென்ட் ஹேஸ் செட்' என்று எழுதி அர்த்தம் கேட்டேன். 'சிமென்ட் வைக்கப்பட்டுள்ளது' என்று நன்றாகப் படிக்கும் பையன்கள் எழுதினார்கள். கடைசி வரிசையில் கொத்தனார் மகள் ஒருத்தி. "இறுகிருச்சு சார். எங்கப்பா சொல்லும்ல, செட் ஆகட்டும், மிதிக்காதன்னு" என்றாள். தளம் போட்ட மறுநாள் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதையும், சென்ட்ரிங் பலகையை அவசரப்பட்டுப் பிரித்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே சொன்னாள். ஆங்கிலத்தில் அவள் வாங்கும் மதிப்பெண்ணைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அவள் ஒருத்திக்கு மட்டுமா தெரியும்? ஊரில் கோயில் கொடை வந்தால் மைக் செட். தோட்டத்தில் பம்ப் செட். தாத்தாவுக்குப் பல் செட். சாயங்கால வாலிபாலில் 25 புள்ளிக்கு ஒரு செட், ஐந்தாவது செட் என்றால் 15. ஹோட்டலில் செட் தோசை. "அவனும் நானும் ஒரே செட்டு" என்றால் ஒன்றாகப் படித்தவர்கள். அலாரம் செட் பண்ணுவார்கள், தாடியையும் செட் பண்ணுவார்கள். 'செட்டப்' என்பதற்குத் திண்ணையில் பேசப்படும் இன்னொரு அர்த்தத்தை வகுப்பில் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளுக்கு அதுவும் தெரியும். தமிழ்வழியில் படிக்கிறவர்களுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே இதுதான், 'கணம்' என்ற பெயரில். கணக்கு வாத்தியாரின் கணமும் ஆங்கில வாத்தியாரின் செட்டும் ஒன்றென்று யாரும் சொல்வதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை படிக்கிறோம்: உருண்டான், உருட்டினான், திருந்தினான், திருத்தினான். ஆங்கிலத்திலும் அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம் இருக்கிறது. 'சிட்' என்றால் உட்கார், 'செட்' என்றால் உட்கார வை. 'லை'க்கு 'லே', 'ரைஸ்'க்கு 'ரெய்ஸ்', 'ஃபால்'க்கு மரத்தை வெட்டிச் சாய்க்கும் 'ஃபெல்'. இதைச் சொல்லிவிட்டால் மேசையில் தட்டு வைப்பதும் விலகிய எலும்பை இருந்த இடத்தில் பொருத்துவதும் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதும் ஒரே கொடியில் காய்த்தவை என்று புரிந்துவிடும். தோசை செட்டுக்கும் பல் செட்டுக்கும் மட்டும் வேர் வேறு. லத்தீனில் கூட்டத்தாரைக் குறித்த 'செக்டா', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஏற்கெனவே இருந்த 'செட்'டோடு கலந்துவிட்டது.

"அந்த வேலை எனக்கு செட் ஆகாது" என்கிறோமே, அது ஆங்கிலத்தில் கிடையாது. ஒரு லண்டன்காரரிடம் அப்படியே சொன்னால், இறுகாத ஜெல்லியைத்தான் நினைப்பார். அது நாம் வளர்த்த பொருள். இதைத் தமிழைக் கெடுக்கிறது என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. 'ஒத்துவராது' என்ற அழகான சொல் கையில் இருக்கும்போது நானும் அதைத்தான் பேசுகிறேன். ஆனால் ஒரு பையன் 'செட் ஆகாது' என்று சொன்னால் அவனைத் திட்டுவதைவிட, ஆங்கிலேயன் இந்த இடத்தில் என்ன சொல்வான் என்று கேட்பது மேல். 'சூட்' என்ற சொல்லுக்கு அவனே வந்து சேர்வான்.

ஆகவே கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒத்த சொல் கேள்விகளில் பாதியைக் குறைத்துவிட்டு, ஒரே பொடிச்சொல் வரும் ஐந்து வாக்கியங்களைக் கொடுங்கள். ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது என்று பிள்ளைகள் தமிழிலேயே எழுதட்டும். ஆங்கிலத் தேர்வில் தமிழா என்பார்கள். புரிந்ததா என்றுதானே பார்க்கிறோம்? விடை ஆளுக்கொரு மாதிரி வரும், திருத்துவது கஷ்டம் என்றும் சொல்வார்கள். கஷ்டம்தான். கட்டுக் கட்டாகத் திருத்தியவன் என்ற முறையில் எனக்கும் தெரியும். 'இறுகியது', 'காய்ந்து கெட்டியானது', 'பிடித்துக்கொண்டது' மூன்றுக்கும் முழு மதிப்பெண் போடலாம் என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.