டிரிம்மர் வாங்கப் போகிறவர்களுக்கு
அலமாரி வேலைக்கென்று டிரிம்மர் என்னும் கையடக்க ரவுட்டர் வாங்குகிறவர்கள் முதலில் தேடுவது வாட் எண்ணிக்கையை. என்னைக் கேட்டால் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. மைக்கா ஓரம் சீவவும், பின்பலகை நுழைய 6 மி.மீ. காடி எடுக்கவும், கீல் பதிக்கவும் 500 வாட் சொச்சமே போதும். ஆழமான காடியை எப்படியும் இரண்டு மூன்று தடவையாகத்தான் இறக்க வேண்டும். வேலையைத் தீர்மானிப்பது பிட்டைப் பிடிக்கும் கோலெட். கால் அங்குலக் கோலெட் என்பது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. தண்டுள்ள பிட்டை மாட்டினால் இறுகியது போலத் தெரியும். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்றில் அது நழுவி இறங்கிப் பலகையைத் தோண்டிவிடும், கழன்று பறக்கவும் கூடும். வேகத்தைக் குறைக்கும் வசதியும் அவசியம்; அகலமான பிட்டை முழு வேகத்தில் ஓட்டினால் மரம் கருகும், ஆளுக்கும் ஆபத்து. பெரிய ரவுட்டரே வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகுமே என்பார்கள். அரை அங்குலத் தண்டுள்ள பிட் கொண்டு தடித்த கதவுகளைச் செதுக்குகிறவர்களுக்கு அது நியாயம்தான். ஆனால் 18 மி.மீ. பிளைவுட்டின் விளிம்பில் அந்தக் கனத்தைச் சாயாமல் நிறுத்துவது பெரும்பாடு. பூட்டி முடித்த பெட்டிக்குள்ளோ அது நுழையவே நுழையாது. சின்னதை வாங்கினால் மிச்சமாகும் பணத்தில் பிளஞ்ச் பேஸும், பேரிங் வைத்த நல்ல கார்பைடு பிட்டுகளும் வாங்கலாம். பிளைவுட்டில் இருக்கும் பசை சாதாரண எஃகு பிட்டைச் சீக்கிரமே மழுக்கிவிடும். கடையிலேயே கோலெட்டைக் கழற்றி, அளவைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு பணத்தைக் கொடுங்கள்.