குறித்த நாளா? குறையற்ற பொருளா?

“பதறாத காரியம் சிதறாது” என்பது நம் முன்னோர் வாக்கு. இஃது இன்றைய கணினி விளையாட்டுகளுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

போலந்து நாட்டு நிறுவனமாகிய சிடி ப்ராஜெக்ட், ‘சைபர்பங்க் 2077’ என்னும் விளையாட்டைத் தயாரித்தது. 2020-ஆம் ஆண்டில் மூன்று முறை நாளைத் தள்ளிவைத்து, கிறிஸ்துமஸ் விற்பனை நேரத்தில் டிசம்பர் 10-இல் வெளியிட்டது. பழைய பிளேஸ்டேஷன் கருவிகளில் அது நடுவே நின்று நின்று போயிற்று. எட்டே நாட்களில் சோனி நிறுவனம் அதனைத் தன் இணையக் கடையிலிருந்து நீக்கியது. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது. பழைய கருவிகளுக்கு இன்னும் காலம் தேவை என்ற அறிகுறிகளைப் பொருட்படுத்தவில்லை என்று தயாரித்தவர்களே பின்னர் ஒப்புக்கொண்டனர்.

“நாள் குறித்துவிட்டால் கொடுக்க வேண்டாமா? போட்ட முதல் என்னாவது?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். சிறு குறையும் இராதவரை காத்திருந்தால் எப்பொருளும் வெளிவராது. ஆனால், காணாத குறை வேறு; கண்ட குறை வேறு.

2019 ஜூலை 15 அதிகாலையில் சந்திரயான்-2 புறப்பட இருந்தது. அதைக் காணக் குடியரசுத் தலைவரே ஸ்ரீஹரிகோட்டா வந்திருந்தார். 56 நிமிடங்களே இருந்தபோது கோளாறு தெரிந்தது, உடனே நிறுத்தினர். குறையை நீக்கி ஜூலை 22-இல் ஏவினர். செப்டம்பரில் அதன் தரையிறங்கு கலம் நிலவில் மோதியது உண்மையே; அது முன்கூட்டி அறியப்படாத குறை. அதற்காக நாம் வருந்தினோம், எவரையும் பழிக்கவில்லை.

தோழியரே! நம் தம்மம்பட்டி மரச்சிற்பிகளைப் பாருங்கள். வாகை மரத்தில் செதுக்கிய கதவை வாங்கியவர் வீட்டில் மாட்டிய பின் அதிலுள்ள வெடிப்பை எளிதில் மாற்ற இயலுமா? ஆகவே உளி பிடிக்கும்போதே கவனம் வேண்டும். விளையாட்டையோ, விற்ற பிறகும் இணையம் வழியே திருத்தலாம். இவ்வசதி நல்லதே, ஆனால் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற அலட்சியத்தையும் அதுவே வளர்த்துவிட்டது.

தெரிந்த குறையைத் தீர்க்க நாளைத் தள்ளிவைப்பதில் இழிவில்லை. தள்ளிவைக்க வழியே இல்லையெனில், பணம் வாங்குமுன் குறையை வெளிப்படையாகச் சொல்லட்டும். சேமித்த காசைக் கொடுத்து வாங்கும் சிறுவனுக்கு அதை அறிய உரிமையுண்டு. தாமதத்தை உலகம் மறந்துவிடும், ஏமாற்றத்தை மறவாது!