விருந்தினர் கண்ட ஊர்

விருந்தினர்க்கு இலையிட்டவன் அடுக்களைக் கதவைத் திறந்து காட்டுவதில்லை. தன் நகருக்குப் பெருமக்களை அழைத்துப் போற்றும் அரசுக்கும் அதுவே வழக்கம். அதனைக் குற்றமென்று கொள்வாரிலர். ஆனால், கூடத்தில் அமர்ந்து உண்டு எழுந்தவர், அவ்வீட்டில் பசித்துக் கிடப்பார் எவருமிலர் என்று ஊரறியச் சான்று பகர்வாராயின் அதனை என்னென்பது? 1933இல் உக்கிரைன் நாட்டில் நடந்தது அதுவே.

எதுவார் எரியோ என்பார் பிரெஞ்சு நாட்டில் மும்முறை தலைமையமைச்சராய் இருந்தவர், இலியோன் நகரத் தந்தை, நிறைந்த கல்வியாளர். சோவியத்து அரசின் விருந்தினராய் அவ்வாண்டு ஆகத்துத் திங்கள் 26ஆம் நாள் ஒதேசாவில் வந்திறங்கினார். கீவு நகரும் தினிப்பர் ஆற்று அணையும் அவர்க்குக் காட்டப்பெற்றன. அன்று உக்கிரைனின் தலைநகராயிருந்த கார்க்கீவில் முன்மாதிரிச் சிறார் குடியிருப்பு, உழுபொறித் தொழிற்சாலை, பாவலர் செவ்சென்கோவின் அருங்காட்சியகம், இடையிடையே விருந்துகள்! அவர் வருமுன் கீவுத் தெருக்கள் கழுவப்பட்டதையும், இரவலர் அப்புறப்படுத்தப்பட்டதையும், வெறுங்கடைகளில் உணவு நிரப்பப்பட்டதையும் அங்கு வாழ்ந்தோர் பின்னாளில் எடுத்துரைத்தனர். நாடு திரும்பிய எரியோ, உக்கிரைன் முழு விளைச்சலோடு கூடிய தோட்டம் போன்றிருந்தது என்று உறுதி கூறினார்.

அத்தோட்டத்தில் 1932, 33ஆம் ஆண்டுகளில் பசியால் மாண்டோர் 35 இலக்கத்திற்குக் குறையார் என்பது மக்கள்தொகை ஆய்வாளர் கணிப்பு. அது மழை பொய்த்து வந்த வற்கடம் அன்று. உழவன் குதிரிலிருந்த கூலம் அரசாணையால் வழித்தெடுக்கப்பட்டது. உணவு தேடி உக்கிரைனை விட்டு வெளியேறவும் 1933 சனவரியில் தடை விதிக்கப்பட்டது. எரியோ வந்தபோது சாவின் உச்சம் கடந்திருந்தது உண்மையே. எனினும், புதைகுழி மண் உலர்ந்திருக்குமா?

அவர்க்கும் ஒரு நோக்கம் இருந்தது. செருமனியில் இட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். பிரான்சுக்கு ஒரு துணை வேண்டும். 1932 நவம்பரில் சோவியத்தோடு போரிடா உடன்படிக்கை செய்ததும் எரியோவின் ஆட்சியே. தம் நாட்டு நலம் நாடியது தவறன்று. அதற்கு விலையாகப் பிறர் நாட்டுப் பிணங்களை மறைத்ததே கொடிது.

மொழிப்பற்றாளர் கருதவேண்டியது இன்னொன்றும் உண்டு. செவ்சென்கோ உக்கிரைன் மொழியின் பெரும்பாவலர். அவர் பெயரால் அமைந்த மண்டபத்தை விருந்தினர்க்குக் காட்டிய அதே கார்க்கீவில்தான், ஏழு கிழமைகளுக்கு முன், சூலை 7இல், மிக்கோலா சுக்கிரிப்பினிக்கு தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். கல்வி ஆணையராயிருந்து, 1928இல் உக்கிரைன் மொழிக்கு எழுத்துமுறை வகுக்கத் துணைநின்றவர் அவர். அம்முறை தம் மொழியை உருசியத்திலிருந்து பிரிக்கிறதென்று 1933இல் பழிக்கப்பட்டது. நெடுங்கணக்கிலிருந்து ஓரெழுத்தே நீக்கப்பட்டது. அவ்வெழுத்து மீண்டும் இடம்பெற 1990 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பாவலனுக்கு மண்டபம், அவன் மொழிக்குச் சிறை! மண்டபத்தைக் கண்டவர் இதனை எங்ஙனம் அறிவார்? உடன்வந்தோர் சொன்னாலன்றோ?

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் அதே கார்க்கீவை நோக்கி வேறொருவர் சென்றார். வேல்சு நாட்டு இளைஞர். காரெத்து சோன்சு என்று பெயர். உருசிய மொழியை முறையாகக் கற்றவர். அவர் தாயார் முன்னர் உக்கிரைன் மண்ணில் ஆசிரியப் பணி செய்தவர். அந்நாட்டுக் கதைகளைத் தாய்வாய்க் கேட்டு வளர்ந்தவர் மகன். கார்க்கீவை அடையுமுன்னரே ஒரு சிற்றூரில் தொடர்வண்டியை விட்டிறங்கி, இருப்புப்பாதை வழியே நடந்தார். உழவர் குடிசைகளில் துயின்றார். அப்பம் இல்லை, சாகின்றோம் என்று அவர்கள் சொன்னதை இடையில் எவருமின்றித் தம் செவியாற் கேட்டார். மார்ச்சு 29இல் பெர்லினில் அதனை வெளியிட்டார். இரண்டே நாளில், மாசுக்கோவிலிருந்த ஆங்கிலேயச் செய்தியாளர் வால்ட்டர் துராண்டி, நியூயார்க்கு டைம்சு இதழில் அதனை மறுத்தெழுதினார். உலகம் துராண்டியை நம்பிற்று.

சோன்சு 1935இல், முப்பது அகவை நிரம்புதற்கு ஒருநாள் முன்பாக, உள்மங்கோலியப் பகுதியில் கொல்லப்பட்டார். எரியோ 1957இல் இறக்கும்போதும் இலியோன் நகரத் தந்தையாகவே இருந்தார்.