யுஜிசியின் கை எதுவரை நீளும்?

"அந்த யுனிவர்சிட்டிக்கு யுஜிசி அங்கீகாரம் இருக்கா?" பிளஸ் 2 முடிவு வந்ததும் பெற்றோர் விசாரிப்பது இதைத்தான். விசாரிக்க வேண்டியதுதான். ஆனால், ஒரு பல்கலைக்கழகத்தை உருவாக்குவது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அல்ல; நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றும் சட்டம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மட்டும் வேறு வகை. யுஜிசியின் ஆலோசனையின் பேரில் மத்திய அரசு அவற்றை அறிவிக்கிறது.

இந்த வழிகளில் வராத நிறுவனம் பட்டம் கொடுத்தால் 1956ஆம் ஆண்டு யுஜிசி சட்டப்படி குற்றம். தண்டனை? அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். போலிப் பல்கலைக்கழகப் பட்டியலை யுஜிசி திரும்பத் திரும்ப வெளியிட நேர்வதில் வியப்பென்ன? விதியை மீறும் உண்மையான பல்கலைக்கழகத்துக்கு மானியத்தை நிறுத்தலாம். மானியமே வாங்காத தனியார் பல்கலைக்கழகத்திடம் அந்த மிரட்டல் பலிக்காது.

பிறகு எதை வைத்து மாநிலங்களுக்கு யுஜிசி விதி வகுக்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 66ஆவது இனம், உயர்கல்வித் தரத்தை நிர்ணயிப்பதையும் ஒருங்கிணைப்பதையும் மத்திய அரசிடம் தருகிறது. 1976இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு முன்பே, தொடக்கத்திலிருந்தே, தரம் டெல்லியின் கையில்தான் இருந்தது.

துணைவேந்தரைத் தேர்ந்தெடுப்பதும் இதில் அடங்குமா என்பதில்தான் சிக்கல். யுஜிசியின் 2010 விதிமுறைகள், மாநில அரசு ஏற்காதவரை மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயப்படுத்தாது என்று, மதுரை காமராஜர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் அதே நீதிமன்றம், யுஜிசி விதிகளுக்கு மாறாக நியமிக்கப்பட்டார் என்று கேரளத்தின் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை ரத்து செய்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பதிவாளருக்குத் தலை சுற்றாமல் இருக்காது.

துணைவேந்தர் நியமனத்தையும் உள்ளடக்கி 2025 ஜனவரியில் யுஜிசி வெளியிட்ட வரைவு விதிமுறை, இன்னும் ஒருபடி மேலே போய், விதிகளை மீறும் நிறுவனம் பட்டப்படிப்பே நடத்த முடியாது என்றது. அதைத் திரும்பப் பெறக் கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

சட்டமன்றம் விவாதித்து இயற்றியது மாநிலப் பல்கலைக்கழகச் சட்டம். யுஜிசி விதிமுறையோ அக்குழு தானே எழுதி, நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படுவது. பெரும்பாலும் விவாதமே இருக்காது. தரத்தைக் காக்கும் பொறுப்பு யுஜிசிக்கு இருக்கட்டும். துணைவேந்தரை யார் தேர்ந்தெடுப்பது என்பதை மாற்ற விரும்பினால், மத்திய அரசு அதைச் சட்டத் திருத்தமாகவே நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும்.