புள்ளி இல்லாத வணக்கம்

கேமரன் மலையில், தேயிலைச் சரிவைப் பார்த்தபடி ஒரு தேநீர்க் கடை. மெனு அட்டை முழுக்க 'அமெரிக்கன் டைப்ரைட்டர்' எழுத்துரு. முனையெல்லாம் உருண்டு, அடியில் தடித்த பாதம் வைத்து நிற்கும் ஆங்கில எழுத்துகள். உச்சியில் தமிழும் இருந்தது: 'வணககம'. இரண்டு புள்ளியும் காணோம். கூட வந்த நண்பன், "அழகா இருக்குல்ல, பழைய காலத்து ஃபீல்" என்றான். யாருடைய பழைய காலம்? அதுதான் என் சண்டை.

அந்தப் பாதம் அலங்காரத்துக்கு வந்ததல்ல. தட்டச்சுப் பொறியில் 'ஐ'க்கும் 'எம்'முக்கும் ஒரே அகலம். ஒல்லி எழுத்து தன் இடத்தை நிரப்பக் காலை அகட்டி நிற்க வேண்டியிருந்தது. துணி ரிப்பன் வழியே அடி விழும்போது மை பரவி முனை மழுங்கியது. வேலை செய்து உண்டான உருவம். 1974இல் ஜோயல் கேடனும் டோனி ஸ்டானும் ஐடிசி நிறுவனத்துக்காக இந்த எழுத்துருவை வரைந்தபோது ஒரே அகலம் என்ற கட்டைக் கழற்றிவிட்டு, உருண்டையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கெட்டிக்கார வேலைதான். மில்டன் கிளேசர் நியூயார்க்குக்குப் போட்ட இதயச் சின்னத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

ஆனா தோட்டத்தில் அது வேற எழுத்து. டைப் அடித்தது கிராணி, கையெழுத்துப் போட்டது துரை, வாங்கிக்கொண்டது லயத்து ஆள். என் பாட்டிக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கையால் எழுதின கடுதாசி ஊர்ச் செய்தி, டைப் அடிச்சது ஆபீஸ் சங்கதி என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். தாத்தா ரிட்டயர் ஆன மாசம் வந்தது டைப் அடிச்சது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி.

பழைய தட்டச்சுதான் வேணும்னா நம்மகிட்டயே இருக்கே! யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, மலாயாவுக்கு வேலைக்கு வந்த ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியவர். அவர் வைத்த 'நகரா விசை'யில் புள்ளியை அடித்தால் உருளை அசையாது. அடுத்து அடிக்கும் எழுத்து அந்தப் புள்ளிக்கு அடியிலேயே வந்து விழும். ஒரு புள்ளிக்காக அந்த மனிதர் இயந்திரத்தையே நிற்க வைத்தார். இவர்கள் புள்ளியையே தூக்கிவிட்டார்கள்.

இன்னொரு கூட்டம் தமிழ் எழுத்துக்கே பாதம் ஒட்டுகிறது. 'ட', 'ப' எப்படியோ தாங்கும். 'ழ'வின் சுழியில் எங்கே ஒட்டுவீர்கள்? கோழிக்குச் சப்பாத்து மாட்டினது மாதிரி இருக்கிறது. தடிமனையும் மழுங்கிய முனையையும் எடுத்துக்கொண்டு காலை விட்டுவிட வேண்டியதுதான். வரைய ஆளில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மலேசியாவின் முத்து நெடுமாறன் வரைந்த இணைமதி, ஆப்பிள் கணினியோடு சேர்ந்தே வந்த எழுத்துரு.

காசு கொடுக்கும்போது கல்லாவில் இருந்த தம்பியிடம் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். "தெரியும்ணே. தவுக்கேகிட்ட சொன்னேன், டிசைன் கெட்டுப்போயிருமாம்" என்றான். அவனிடமே பேனா வாங்கி, என் மேசை அட்டையில் இரண்டு புள்ளியும் வைத்துவிட்டு வந்தேன்.