மருந்துக் கொட்டகையின் பூட்டு

ஓவேலிப் பக்கத்தில் ஆனி பிறந்தால் ஆவணி முடியும்வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யுமென்பது யாவரும் அறிந்ததே. இம்மழையில் தேயிலைக்கும் குறுமிளகுக்கும் உண்டாகும் வியாதிகளைக் குறித்து நாம் நிரம்பப் பேசுகிறோம். மருந்துக் கொட்டகையின் கதவில் தொங்கும் பூட்டைக் குறித்து ஒருவரும் பேசுவதில்லை. அது அற்ப விஷயமென்றே நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன்.

சென்ற ஆடியில் ஒரு சிறு தேயிலை விவசாயியின் கொட்டகையைப் பார்க்கச் சென்றேன். பூட்டுத் துருவேறி, சாவி உள்ளேயே முறிந்துபோனபடியால், அவர் அதை உடைத்தெறிந்துவிட்டுக் கதவைச் சணற்கயிற்றால் கட்டியிருந்தார். உள்ளே துருசும் பூச்சிமருந்துப் புட்டிகளும் இருந்தன. நாங்கள் பேசிக்கொண்டிருக்கையிலேயே அவருடைய ஐந்து வயதுப் பேத்தி மருந்து அளக்கும் குவளையைக் கையிலேந்தி உள்ளிருந்து வந்தாள். குவளை காலியாயிருந்தது தெய்வாதீனமே.

பூட்டுக் கெடுவதற்கு மழை மாத்திரம் காரணமன்று. 1946ஆம் வருஷம் தென்னிந்தியத் தேயிலையில் கொப்புள நோய் தோன்றியது முதல், தாமிர மருந்துகள் மலைத் தோட்டங்களில் சகஜமாயின. துருசு நீர் இரும்பில் பட்டால் தாமிரம் மேலே படிய, இரும்பு கரைந்துபோகும். பொட்டாஷ் உரத்தூளும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். மருந்தும் உரமும் கலந்த கையை அலம்பாமல் பூட்டைத் தொடுவது அதற்கு விஷமிடுவதே.

எண்ணெயிடுவதிலும் பிழை நேர்கிறது. அநேகர் தேங்காயெண்ணெயை வார்க்கின்றனர். இம்மலைக் குளிரில் அது உறைந்து, தூசியையும் சேர்த்துக்கொண்டு, உள்ளிருக்கும் லீவர் தகடுகளை அசையவொட்டாது. மண்ணெண்ணெய் அழுக்கைக் கழுவ உதவும். ஆனால் விரைவில் ஆவியாகிவிடுமாதலால் காவலாக நில்லாது. எனவே முதலில் மண்ணெண்ணெயால் கழுவி, சாவித்துவாரம் கீழ்நோக்கியிருக்கத் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். பின்பு தையல் மெஷின் எண்ணெயில் இரண்டு சொட்டு சாவித்துவாரத்திலும், வளைகம்பி நுழையுமிடத்தில் ஒரு சொட்டும் விட்டு, சாவியைப் பலமுறை திருப்பி, மிகுந்த எண்ணெயைத் துடைத்துவிடுக. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இது போதும்.

பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கதவில் மேல்விளிம்பை மாத்திரம் ஆணியடித்துப் பூட்டின்மேல் தொங்கவிடலாம். இறுகச் சுற்றிக்கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். புதிதாக வாங்குவோர் பித்தளைப் பூட்டே வாங்குக. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டாயினும் சரி, வேறெந்த ஊர்ப் பூட்டாயினும் சரி, பராமரிப்பின்றி இம்மழைக்குத் தாங்காது.

யானைக்குப் பூட்டு ஒரு பொருட்டன்று. அரிசியிருக்கும் கொட்டகையை அது சுவரோடு திறந்துகொள்ளும். நான் கருதுவது குழந்தைகளையும் கன்றுகாலிகளையுமே.

நிற்க, டிமான்ஸ்டிரேட்டர்களாகிய எங்கள்மீதும் குற்றமுண்டு. கொட்டகைக்குள் தெளிப்பான்கள் எத்தனை, மருந்து எவ்வளவு என்று எழுதிக்கொள்கிறோமேயன்றி, பூட்டைச் சாவியால் திறந்து பார்ப்பதில்லை. பார்வைப் புத்தகத்தில் அதற்கும் ஒரு பத்தி சேர்க்கவேண்டுமென்பது என் அபிப்பிராயம். இலாகா உத்தரவு வரும்வரை காத்திராமல், வருகிற வைகாசி முதல் நான் செல்லுமிடங்களில் அவ்விதமே செய்ய உத்தேசித்திருக்கிறேன். எண்ணெய்ப் புட்டியும் கையோடு கொண்டுவருவேன்.