வாடகை இருக்கிறது, அட்வான்ஸ் இல்லை

மதுரையில் தெருவோரம் படுத்திருப்பவர்கள் என்றதும் கோயிலைச் சுற்றிக் கையேந்துபவர்கள்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் கொடுக்க இந்த ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு, ஓட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு, சித்தாள் வேலை பார்த்துவிட்டு இரவில் பூட்டிய கடை வாசலில் முடங்குகிறவர்களை நாம் அந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இவர்களுக்கு அன்றாடம் காசு வருகிறது, மாத வாடகையும் பலரால் கொடுக்க முடியும். முடியாதது அட்வான்ஸ். நாளுக்கு 600 ரூபாய் கூலி வாங்குகிறவர் 4,000 ரூபாய் வாடகையை எப்படியோ புரட்டிவிடுவார் என்று வைத்துக்கொள்வோம். அதே அறைக்கு முப்பதாயிரத்தை மொத்தமாகக் கொண்டுவா என்றால் எங்கே போவார்? ஒத்தி வீடு இன்னும் எட்டாக்கனி. வாடகையே வேண்டாம் என்பார்கள், ஆனால் முன்பணம் லட்சங்களில் போகும். தெருவில் படுப்பவரிடம் பணத்தைச் சேர்த்து வைக்கப் பெட்டிகூடக் கிடையாது.

விளாங்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல் சாலையில் இருக்கிறது. ஆரப்பாளையம் பேருந்து நிலையமும் பரவை மார்க்கெட்டும் பக்கம். பேரூராட்சியாக இருந்த ஊரை 2011-இல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு இதைவிடத் தோதான இடம் வேறென்ன? ஆனால் நகரமாகிவிட்டதால் கலைஞரின் கனவு இல்லம் இங்கே வராது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் தரும் அந்தத் திட்டம் கிராமக் குடிசைகளுக்கானது. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் சொந்தமாகக் கட்டிக்கொள்ள மானியம் உண்டு, அதற்கு நிலம் வேண்டும். வீடில்லாதவரிடம் பட்டா கேட்கும் உதவியால் வீடில்லாதவருக்கு என்ன பயன்? வாடகைச் சட்டமும் கைகொடுக்கவில்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் அதே பிரிவில் சொல்லிவிடுகிறது. ஒப்பந்தம் எழுதுவது வீட்டுக்காரர் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா?

காப்பகங்கள் இருக்கின்றனவே என்பார்கள். உச்ச நீதிமன்றம் 2010-இல் வலியுறுத்தியதும், 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் விதியாகவே வைத்ததும் லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம். 2011 கணக்கெடுப்பில் மதுரையும் சுற்றுப் பகுதிகளும் சேர்ந்து 14.65 லட்சம் பேர். அப்படியானால் 14 காப்பகங்களாவது வேண்டும். அவற்றுக்குக் கண்காணிப்பும் வேண்டும். மதுரையில் ஓர் ஆதரவற்றோர் இல்லத்தில் குழந்தைகளை விற்றது 2021-இல் வெளிவந்ததை ஊர் மறந்திருக்காது. எவ்வளவு நன்றாக நடத்தினாலும் காப்பகம் இரவு தங்குமிடம்தான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப, அடுப்பு வைக்க, ரேஷன் அட்டைக்கு முகவரி எழுத ஓர் அறை வேண்டும்.

இலவச வீடு கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். அதில் உண்மை உண்டு. குடிசை மாற்று வாரிய வீடுகள் கைமாறுவது ஊரறிந்த சங்கதி. ஆனால் ஏன் கைமாறுகின்றன? மதுரைக்குக் கிழக்கே ராஜாக்கூரில் குடிசைவாசிகளுக்காக அடுக்குமாடிகள் கட்டினார்கள். தொலைவைக் காரணம் காட்டிப் பலர் போக மறுத்தார்கள். சென்னையில் கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் இதே கதைதான். விடியும் முன்பே மார்க்கெட்டில் நிற்க வேண்டியவருக்கு ராஜாக்கூரிலிருந்து எந்தப் பேருந்து வரும்? வேலைக்கு அருகே வாடகை அறை என்றால் விற்க எதுவுமே இருக்காது. அரசுக்கு இது தெரியாததும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் தொழிற்சாலைப் பெண்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதல்வர் திறந்துவைத்தார். கைபேசி ஆலைக்கு ஆள் வேண்டும் என்றால் வேலைக்குப் பக்கத்தில் தங்குமிடம் எழும்புகிறது. பரவை மார்க்கெட்டுக்கும் ஆள் வேண்டும்தானே.

அறை கிடைக்காமல் கண்மாய்க் கரையை ஆக்கிரமித்தவர்களுக்கு ஏன் பரிந்து பேச வேண்டும் என்றும் சிலர் கேட்பார்கள். கண்மாய் காக்கப்படத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் மாநகராட்சியே மாளிகை கட்டிக்கொண்ட ஊரில் இந்தக் கேள்வி ஏழைகளை நோக்கி மட்டும் எழுவதுதான் உறுத்துகிறது. அட்வான்ஸ் கேட்காத நிலம் நீர்நிலைக் கரை ஒன்றுதான். வேறு கதவு திறக்காதவரை, ஒரு கரையில் இடித்தால் அடுத்த கரையில் குடிசை முளைக்கும்.

ஆகவே மாநகராட்சி முன்பண உறுதி நிதி ஒன்றைத் தொடங்க வேண்டும். ஆளுக்கு முப்பதாயிரம் என்றால் 500 பேருக்கு ஒன்றரைக் கோடி. இது செலவும் அல்ல. வீட்டைக் காலி செய்யும்போது திரும்பிவந்து அடுத்தவருக்குப் போகும் பணம். வாடகை பாக்கி, சேதாரம் என்று கொஞ்சம் கரையும், கரையட்டும். ஒரு கனவு இல்லத்துக்குத் தரும் மூன்றரை லட்சம் இங்கே பதினோரு பேரின் முன்பணம். குடிகாரர்களை எப்படி நம்புவது என்று வீட்டுக்காரர் தயங்கினால், சொந்த வீட்டிலும் குடிகாரர் உண்டு என்பதற்கு மேல் ஒரு பதில் இருக்கிறது. வாடகைக்குப் பொறுப்பு மாநகராட்சி. பின்லாந்து 2008-இலிருந்து 'முதலில் வீடு, பிறகு சிகிச்சை' என்ற வரிசையைக் கடைப்பிடித்துத்தான் வீடற்றோர் எண்ணிக்கையைக் குறைத்தது.

இந்த நிதியால் தீராத ஒன்றும் உண்டு. 'நீங்க என்ன ஆளுக?' என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிற வீட்டுக்காரரை எந்த உறுதிப் பத்திரமும் மசிய வைக்காது. அதற்காகவே விளாங்குடி போன்ற வார்டுகளில் பழைய காம்பவுண்டு வீடுகளை மாநகராட்சி நீண்ட காலக் குத்தகைக்கு எடுத்து, கழிப்பறையும் குழாயும் சரிசெய்து, தானே வாடகைக்கு விட வேண்டும். அடுத்த பட்ஜெட்டில் இந்த இரண்டுக்கும் பணம் ஒதுக்கும்படி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கேளுங்கள்.